கேட்காமல் விட்ட நாலு ஓட்டு

என் மனைவி ஊரில் வார்டு மெம்பர் தேர்தலுக்கு நின்ற வருஷம் நான் அமீரகத்தில், புஜைராவில் இருந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் டேங்குகள் கட்டிக்கொண்டிருந்த யார்டில், ஸ்டோரில் ஹெல்பர் வேலை. ஸ்பானர், கிளவுஸ், வெல்டிங் ராடு எல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டும், டூட்டி முடிந்ததும் திரும்ப வாங்கி வைக்க வேண்டும். மனைவிக்காக இந்த நாட்டில் பதினோரு பேரிடம் போய் ஓட்டுக் கேட்டேன். பன்னிரண்டாவதாக ஒருவனிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவன் என் தம்பி. சவுதியில், அல் கோபாரில் இருந்தான்.

ஓட்டு புதுக்கோட்டைப் பக்கத்தில், கேட்பது துபாயிலா என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் அது பழக்கம்தான். பாதி வீடுகளில் ஆண்பிள்ளை வெளிநாட்டில். வெள்ளிக்கிழமை போன் பேசும்போது பிள்ளையின் பரீட்சை, மாடு கன்று போட்டது, இவற்றோடு யாருக்கு ஓட்டு என்பதும் முடிவாகும். அதனால் தேர்தலுக்கு நிற்கிறவர்கள் தெருவில் கும்பிட்டு வருவதோடு விடமாட்டார்கள். துபாய் நம்பர், சவுதி நம்பர் எல்லாம் வாங்கிப் பேசுவார்கள். எங்கள் பெயர்களும் வாக்காளர் பட்டியலில் உண்டு. ஆனால் வார்டு சின்னது. பூத்தில் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுக்கு எல்லார் முகமும் தெரியும் என்பதால் எங்கள் ஓட்டை வேறு யாரும் போட முடியாது. ஒவ்வொரு தேர்தலிலும் அது போடாமலே கிடக்கும்.

நான் எதையும் யாரிடமும் கேட்டுப் பழகாதவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. நாலு பேர் கூடின இடத்தில் நாக்கு எழும்பாது. நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் என் கட்டிலுக்கு நேர் மேலே ஏசி தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கேம்ப் பாஸிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஆள் அனுப்பியிருப்பார். நான் தலைமாட்டில் ஒரு பெயிண்ட் டப்பாவை வைத்துவிட்டு, தலையைக் கால்மாட்டுப் பக்கம் திருப்பி எட்டு மாதம் தூங்கினேன். பக்கத்துக் கட்டில் மலையாளி ஒருநாள் பொறுக்க முடியாமல் தானே போய்ச் சொல்லிச் சரிசெய்து வைத்தார். அவருக்கு நன்றி சொல்லவும் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அப்படிப்பட்டவனிடம்தான் அவள் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சொன்னாள்.

“என்னங்க, நான் மெம்பருக்கு நிக்கிறேன். மனுக் குடுத்தாச்சு.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? மகளிர் குழுவுல எல்லாரும் நில்லுன்னாளுக. இந்தத் தடவ நம்ம வார்டு பொம்பளைக்கு. மேலத்தெருக் கட்சிச் செயலாளர் பொண்டாட்டி போட்டியில்லாம ஜெயிச்சு, அவரு போயி நாற்காலியில உக்காருவாரு. அதுக்கு எதுக்குப் பொம்பள வார்டு?”

“சரி.”

“சரியா? அவ்வளவுதானா?”

“வேற என்ன சொல்லச் சொல்ற?”

“ஒண்ணும் சொல்ல வேணாம். ஒரு காரியம் செய்யணும் நீங்க.”

அவள் நின்றதற்குக் காரணம் குழாய். குடிதண்ணீர்க் குழாய் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே இருக்கிற எங்கள் தெருவுக்கு வரவில்லை. மகளிர் குழுப் பெண்கள் மனு எழுதி எழுதிப் பார்த்துவிட்டார்கள். கூட்டத்தில் எழுந்து பேசினால், “நீ யாரு, மெம்பரா?” என்று கேட்டு உட்கார வைத்தார்களாம். அதுதான் அவளைச் சுட்டது.

எங்கள் வார்டில் இரண்டு தெரு. கீழத்தெரு எங்களுடையது, அப்பா காலத்திலிருந்தே ஒரு கட்சி. மேலத்தெரு இன்னொரு கட்சி. வார்டு மெம்பர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. எதிர்த்து நின்ற அம்மாளுக்குப் பூட்டு, இவளுக்குச் சீப்பு. ஆனால் பூட்டு எந்தக் கட்சி என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கட்சியின் கிளைச் செயலாளர் மனைவிதான் பூட்டு. எங்கள் தெருக் கட்சி யாரையும் நிறுத்தவில்லை. ஆகவே எங்கள் தெரு முழுவதும் சீப்புக்கு விழுந்தாலும், மேலத்தெருவில் கொஞ்சம் உடைந்தால்தான் கரையேற முடியும்.

“ஓட்டுப் போடுறது இங்க இருக்கவளுக. போடச் சொல்றது அங்க இருக்கவுக,” என்றாள். “ஒரு நோட்டு எடுத்து எழுதுங்க.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். யார், எந்த ஊரில் எந்த கேம்ப், வீட்டில் எத்தனை ஓட்டு. அமீரகத்தில் மட்டும் பதினோரு பேர். எழுதும்போதே எனக்கு வியர்த்தது. கல்யாணமாகிப் பதினாலு வருஷம். அதில் முக்கால்வாசி நான் இங்கே. அவள் இதுவரை கேட்டதெல்லாம் நான் இங்கிருந்து வாங்கி அனுப்பக்கூடியவை. முதல் தடவையாக என்னையே கொஞ்சம் கேட்டாள். முடியாது என்று எப்படிச் சொல்வது?

கடைசியாக, “கொழுந்தனாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. நாலு ஓட்டு இருக்கு,” என்றாள்.

தம்பி வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். அவன் மனைவி, மாமனார், மாமியார், மச்சினி. “அவன்கிட்ட என்ன சொல்றது, அது நம்ம வீடுதானே,” என்றேன்.

“இருந்தாலும் சொல்லிருங்க,” என்றாள்.

அது ரம்ஜான் நோன்பு மாதம். எங்களுக்கும் டூட்டி நேரம் குறைவு. வெள்ளிக்கிழமை காலையில் புஜைராவில் ஷேர் டாக்ஸி பிடித்தால் மலைகளுக்கு நடுவே மசாஃபி வந்து, பிறகு மணல் ஆரம்பித்து, மதியத்துக்குள் துபாய் வந்துவிடும். முதல் வெள்ளிக்கிழமை அல் கூஸில் ஒரு கேம்ப்புக்குப் போனேன். அங்கே எங்கள் ஊர் ஆட்கள் ஐந்து பேர் ஒரே ரூமில். அதில் ஒருவன் என் மனைவிக்குச் சித்தப்பா மகன். எனக்கு மாப்ளை முறை. முப்பத்தைந்து வயதுக்குள் தலை முழுக்க வழுக்கையாகிவிட்டவன், வாய் மட்டும் குறையவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தேன். சோறு போட்டார்கள், சாப்பிட்டேன். லீவு எப்போது என்றார்கள், சொன்னேன். சமையல் கேஸ், மேஸ்திரி, ஊரில் மழை எல்லாம் பேசினார்கள். மணி மூன்றாகிவிட்டது. நான் எழுந்து, “அப்ப வரேன்,” என்றேன்.

மாப்ளை கட்டிலிலிருந்து எழுந்து கதவை மறித்துக்கொண்டான். “மச்சான், நூத்து முப்பது கிலோமீட்டர் வந்து எங்க மீன்கொழம்பத் தின்னுட்டு ‘வரேன்’னா என்ன அர்த்தம்? அக்கா காலையிலயே போன் போட்டுச் சொல்லிருச்சு, மச்சான் வராக, ஓட்டுக் கேப்பாகன்னு. நாங்க அஞ்சு பேரும் மொகத்தக் கழுவி உக்காந்திருக்கோம். கேளு.”

“உனக்குத்தான் தெரியுமே மாப்ள.”

“தெரியும். தெரிஞ்சா போதுமா? கேக்காத எடத்துல ஓட்டு விழுகாது மச்சான். கேளு, வாயத் தொறந்து கேளு.”

மற்ற நாலு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் தொங்கிய சட்டையைப் பார்த்துக்கொண்டு, “எல்லாரும் சீப்புக்குப் போடச் சொல்லிருங்க,” என்றேன்.

“எந்தச் சீப்பு?” என்றான் ஒருவன்.

“வீட்டுக்காரி நிக்கிறா. சீப்பு.”

“இதப் பாருய்யா,” என்று மாப்ளை தன் மண்டையைத் தடவினான். “இந்தத் தலைகிட்ட வந்து சீப்புக்கு ஓட்டுக் கேக்குறதுக்கு ஒரு தைரியம் வேணும். அந்தத் தைரியத்துக்காகவே எங்க வீட்ல மூணு ஓட்டு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புஜைராவுக்குத் திரும்பும் வண்டியில் எனக்குள்ளேயே அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். சீப்புக்குப் போடச் சொல்லிருங்க. சீப்புக்குப் போடச் சொல்லிருங்க. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாகிஸ்தான் பட்டாணிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அன்று அவளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மாப்ளை மறித்ததைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு, கல்யாணமான புதிதில் கேட்டது. அவளும் சொன்னாள், மேலத்தெருவில் யார் கதவைச் சாத்தினார்கள், யார் மோர் கொடுத்தார்கள், செயலாளர் மைக் கட்டிய வண்டி எப்படிப் பாதி வழியில் நின்றுபோனது என்று. போன் கார்டு தீர்ந்து கட்டாயிற்று. இன்னொரு கார்டு போட்டுப் பேசினேன். வழக்கமாக எங்கள் பேச்சு ஐந்து நிமிஷம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், பிள்ளைகள், சரி வைக்கிறேன். அந்த மூன்று வாரமும் நாங்கள் பேசியதுபோல அதற்கு முன்பு பேசியதில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை பர் துபாயில் ஒரு டெய்லர். மேலத்தெருக்காரர், பரம்பரையாக அந்தக் கட்சி. மீனா பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்துதான் திறப்பார்கள் என்று வாசலில் நின்றிருந்தேன். நோன்பு நேரம், வெளியில் தண்ணீர் குடிக்க முடியாது. அது இல்லாவிட்டாலும் என் நாக்கு வறண்டுதான் இருந்திருக்கும்.

கடையைத் திறந்து உள்ளே கூட்டிப்போனார். வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்திருந்ததால், ஸ்டூலில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். “தம்பி, சீப்புக்குப் போடச் சொல்லிருங்க வீட்ல.”

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். “உக்காருங்கண்ணே மொதல்ல. நம்ம கட்சி வேற, ஒங்க தெரு வேற. தெரிஞ்சுதானே வந்தீக?”

“தெரியும்.”

“செயலாளர் எனக்குச் சொந்தக்காரரு. ஒரு போன் போட்டாரா? போடல. ஏன் போடணும்? இவன் நம்ம ஆளு, எங்க போயிரப் போறான்னு நெனப்பு. நீங்க புஜைராவுலேர்ந்து வந்து நிக்கிறீக.” போனை எடுத்தார். “இருங்க, ஒங்க முன்னாடியே சொல்லிர்றேன்.”

ஸ்பீக்கரில் போட்டார். அவர் மனைவி எடுத்தாள்.

“இந்தா, கேளு. இந்தத் தடவ மெம்பருக்குச் சீப்புல குத்துங்க. நான் சொல்றேன்.”

“நீங்க என்ன சொல்றது? நாங்க அன்னைக்கே பேசி முடிச்சாச்சு. பாப்பாவுக்கு வலிப்பு வந்தப்ப பாதி ராத்திரியில ஆட்டோ கொண்டாந்து தூக்கிட்டுப் போனவ யாரு, ஒங்க செயலாளரா? வைங்க போன, அடுப்புல வேல கெடக்கு.”

டெய்லர் போனை மெதுவாக மேஜையில் வைத்தார். சட்டைப் பட்டன் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, “பாத்தீகளாண்ணே, நான் ஒண்ணு சொன்னா வீட்ல மறுபேச்சு கெடையாது,” என்றார். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

செயலாளர் அவரைக் கேட்காமல் விட்டார், நம்ம ஆள்தானே என்று. அதை அவர் வாயாலேயே கேட்டுக்கொண்டு வந்தவன் நான். அன்று சாயங்காலம் ஷார்ஜாவில் ஒரு டிரைவரிடம் கேட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அபுதாபி போய் மீதி நாலு பேரைப் பார்த்தேன். அல் கோபாருக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்று எழுதுவது சரியில்லை. தோன்றியது. இரண்டு முறை நம்பர் எடுத்தேன். தம்பியும் நானும் மாதத்துக்கு ஒருமுறை பேசுவோம். டூட்டி எப்படி, உடம்பு எப்படி, அவ்வளவுதான். அப்பா செத்த பிறகு எங்களுக்குள் அதற்குமேல் பேச்சு வளரவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. மற்றவர்களிடம் கேட்பதைச் சொந்தத் தம்பியிடம் கேட்டால் அவனையும் ஊரானாக்கினது போலாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், பதினோரு பேரிடம் கேட்டு முடித்ததும் எனக்குள் இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. இவனிடம் கேட்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதியாக இருந்தது.

அபுதாபியிலிருந்து திரும்பிய அன்று அவள் கேட்டாள். “கொழுந்தனாருக்குச் சொல்லிட்டீங்கள்ல?”

“ம்,” என்றேன்.

அவள் நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நாளை டூட்டி. மறுநாளும் டூட்டி.

ஓட்டுப் பதிவு அன்று நான் ஸ்டோரில் இருந்தேன். கவுண்டரில் ஆள் வந்து பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் கேட்டால் பதினாலாம் நம்பர் எடுத்துக் கொடுத்தேன். ஃபோர்மேன், “கியா ஹுவா பாய்?” என்ன ஆச்சு என்று கேட்டார். ஊரில் தேர்தல், என் மனைவி நிற்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்த இந்தியில் அது முடியும். “குச் நஹி,” ஒன்றுமில்லை என்றேன்.

மூன்று நாள் கழித்து எண்ணினார்கள். அவள் தோற்றாள். மூன்று ஓட்டு வித்தியாசம்.

போனில் அவள் அழவில்லை. மேலத்தெருவில் நினைத்ததைவிட அதிகம் விழுந்திருக்கிறது என்றாள். பெட்டியைக் கொட்டி எண்ணும்போது தன் ஏஜெண்ட் வந்து சொன்ன ஒவ்வொன்றையும் சொன்னாள். கடைசியில், “பக்கத்து வீட்ல யாரும் போகல,” என்றாள்.

“யாரு?”

“ஒங்க தம்பி வீடு. நாலு பேரும் போகல. காலையில போய்க் கூப்புட்டேன். வரோம் போங்கக்கான்னா. சாயங்காலம் தண்ணிக்கு நிக்கும்போது அவ விரலப் பாத்தேன். மையி இல்ல. ஊரே கையில மையோட நிக்கிது, அவ விரலு சுத்தமா இருக்கு. எதிர்ல போட்டிருந்தாக்கூட ஒரு காரணம் இருக்கும்னு விட்டிருப்பேன். நீங்க சொல்லியும் ஒங்க தம்பி இப்புடிச் செஞ்சிட்டாருல்ல.”



அன்றே அல் கோபாருக்குப் போன் செய்தேன். தம்பி முதல் மணியிலேயே எடுத்தான்.

“வீட்ல ஓட்டுப் போடப் போகலையாமே?” என்றேன்.

“ஆமாண்ணே. நான்தான் போக வேணாம்னேன்.”

“ஏம்ப்பா?”

“யாரும் கேக்கலையே.”

“நீ எந்தம்பி. ஒன்கிட்ட என்னத்தக் கேக்குறது?”

“அல் கூஸ்ல கேட்டிருக்க. ஷார்ஜாவுல கேட்டிருக்க. மேலத்தெரு டெய்லர்கிட்டப் போய்க் கேட்டிருக்க. எல்லாரும் எனக்குப் போன் போட்டுச் சொன்னானுக. ஒங்க அண்ணன் வந்திருந்தாரு, வாயத் தொறந்து பேசுறாருடான்னானுக. எங்க அண்ணனான்னு நானே கேட்டேன். சரி, அடுத்தது நமக்குத்தான்னு போனைக் கையில வச்சுக்கிட்டே இருந்தேன். குளிக்கப் போனாக்கூட ரூம்காரன்கிட்டச் சொல்லிட்டுப் போவேன், எங்க அண்ணன் கூப்புட்டா எடுன்னு. மூணு வெள்ளிக்கிழமை.”

நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

“எதிர்ல போடச் சொல்லலண்ணே நான். அந்த அளவுக்குப் போகல. கேக்காத எடத்துக்கு எதுக்குப் போகணும், வீட்ல இருங்கன்னேன். நாலு ஓட்டுல தொங்கும்னு எனக்கு என்ன கனவா?” அவன் குரல் இறங்கிவிட்டது. “அண்ணி பாவம்.”

“சரிப்பா,” என்றேன்.

“சரிதான். வேற என்ன சொல்லப்போற நீ,” என்று சொல்லி வைத்துவிட்டான்.

அடுத்து வந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் என் மனைவி தம்பி மனைவியைப் பற்றித்தான் பேசினாள். பேச்சை நிறுத்தியாயிற்று. கொல்லைப்பக்கம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்த வழியில் முள் வெட்டிப் போட்டு அடைத்தாயிற்று. பிள்ளைகளை அங்கே போகக்கூடாது என்று சொல்லியாயிற்று. அவள் திட்டத் திட்ட நான், “விடு, விடு,” என்றேன். விடு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்தப் பெண் தன் புருஷன் சொன்னதைக் கேட்டு வீட்டில் இருந்தாள். அவன் அண்ணன் கேட்பான் என்று காத்திருந்தான். ‘ம்’ சொன்னவன் நான் ஒருவன்தான்.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த மூன்று வாரத்துப் பேச்சு போய்விடும். சொல்லாவிட்டால் அது கொஞ்சநாள் மிச்சம் இருக்கும். தோற்ற பிறகும் அவள் என்னோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள், திட்டுவதற்காகவாவது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி என் பாவத்தைச் சுமந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் நான் அந்த அரைமணி நேரத்தை அனுபவித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நோன்புப் பெருநாள் கழிந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை சொன்னேன். கேம்ப்புக்குப் பின்னால், லாரிகள் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.

“தம்பி மேல கோவப்படாத,” என்றேன். “நான் அவன்கிட்டக் கேக்கவே இல்ல.”

“என்ன?”

“போன் போடல. நீ கேட்டப்ப ‘ம்’னது பொய்.”

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். நிமிஷம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“எல்லார்கிட்டயும் கேட்டீங்களே,” என்றாள். “அபுதாபி வரைக்கும் போனீங்களே.”

“ஆமா.”

“அவரு நம்பர் என்கிட்ட இருந்துச்சு. சொல்லலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே பேசியிருப்பேன். நீங்க பேசிட்டீங்களேன்னு விட்டேன்.”

“தெரியும்.”

“என்ன தெரியும் ஒங்களுக்கு?” என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. “அவள என்னெல்லாம் பேசிட்டேன் தெரியுமா? தண்ணிக்கு நின்ன எடத்துல, பத்துப் பேருக்கு முன்னாடி. நான் போகணும். வைங்க.”

முள்ளை அன்றே எடுத்துப் போட்டுவிட்டாளாம். தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். தம்பிக்கும் அவளே சவுதிக்குப் போன் போட்டுப் பேசினாள். இதெல்லாம் அவள் என்னிடம் இரண்டு வரியில் சொன்னதுதான். எனக்கும் தம்பிக்கும் நடுவில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. மாதம் ஒருமுறை, டூட்டி எப்படி, உடம்பு எப்படி.

அதற்குப் பிறகு அவள் என்மேல் கோபமாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. போனை எடுப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். பின்னால் தம்பி மனைவியின் குரல் கேட்கும், இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் கூப்பிட்டதும் சிரிப்பு நிற்கும். “சாப்டீங்களா? சரி. வேற ஒண்ணும் இல்லையே? வைக்கட்டுமா?” ஒரு கார்டு எனக்கு நாலு வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் என்ன செய்வதென்று தெரியாமல் புஜைரா கடற்கரையில் போய் உட்கார்ந்திருப்பேன். தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் இடத்துக்கு வரிசை போட்டு நிற்கும். சில கப்பல்கள் நான் வருவதற்கு முன்பே வந்து, நான் போன பிறகும் நின்றிருக்கும். திரும்பி வந்து துணி துவைத்துப் போடுவேன்.

ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் மாப்ளை அல் கூஸிலிருந்து கூப்பிட்டான்.

“மச்சான், ஊரே ஒம் பொண்டாட்டி பேச்சாத்தான் இருக்கு. கிராமசபையில எந்திரிச்சு நின்னுருச்சாம்ல அக்கா. செயலாளர் பொண்டாட்டிக்குப் பதிலா அவரே உக்காந்துக்கிட்டு, நீ யாரு, மெம்பரான்னு கேட்டிருக்காரு. நான் மெம்பர் இல்ல, மூணு ஓட்டுல தோத்தவ, எனக்குப் போட்டவுக எல்லாம் இங்கதான் உக்காந்திருக்காக, எந்திரிக்கச் சொல்லவான்னு கேட்டுச்சாம். சொல்றதுக்குள்ள பொம்பளைக பூராவும் எந்திரிச்சிட்டாளுகளாம். ஒந் தம்பி பொண்டாட்டிதான் மொத ஆளாம். தெரியும்ல ஒனக்கு?”

எனக்குத் தெரியாது. அதற்கு முந்தின நாள்தான் அவளோடு பேசியிருந்தேன். சாப்டீங்களா என்று கேட்டாள்.

“தெரியும், தெரியும். சொன்னா,” என்றேன்.

“அப்பறம் குழாய் விசயம் என்னாச்சுன்னும் சொல்லிருக்குமே?”

“ம். நீ என்ன கேள்விப்பட்ட, சொல்லு,” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தத்திலிருந்து தள்ளி, ரூமுக்கு வெளியே போய், அவன் சொல்வது ஒன்றும் விட்டுப்போகாதபடி போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டேன்.